பாகம் பிரிந்த சொற்கள்

ஆங்கிலத்தில் 'ப்ரிடெண்ட்' என்றால் பாசாங்கு செய்வது. போர்த்துகீசியத்தில் 'பிரெத்தெந்தேர்' என்றால் ஒன்றைச் செய்ய எண்ணுவது, ஒன்றை நாடுவது. ஒரு பெண்ணை மணக்க விரும்பி வருபவரை அங்கே 'பிரெத்தெந்தெந்தெ' என்பார்கள். அந்தச் சொல்லில் கள்ளம் துளியும் கிடையாது. இரண்டுக்கும் தாய் இலத்தீனின் 'ப்ரைதெந்தெரே'. முன்னால் நீட்டுவது என்று பொருள். கையை முன்னால் நீட்டி ஒரு பொருளை நாடலாம். திரையை முன்னால் நீட்டி அதன் பின்னால் ஒளிந்தும் கொள்ளலாம். முதல் செயல் போர்த்துகீசியத்துக்குப் போனது, இரண்டாவது ஆங்கிலத்துக்கு வந்தது.

ஆனால் ஆங்கிலமும் ஒரு காலத்தில் இரண்டையும் வைத்திருந்தது. இரண்டாம் ஜேம்ஸ் 1688இல் அரியணையை இழந்தார். அவருடைய மகன் அந்த அரியணைக்கு உரிமை கோரினார், 1715இல் அவருக்காகக் கிளர்ச்சி நடந்தது. 1745இல் பேரன் சார்லஸ் எட்வர்ட் படை திரட்டினார். ஆங்கில வரலாறு அந்த மகனை மூத்த 'ப்ரிடெண்டர்' என்றும் பேரனை இளைய 'ப்ரிடெண்டர்' என்றும் அழைக்கிறது. உரிமை கோருபவர் என்பதுதான் அங்கே அச்சொல்லின் நேர்ப்பொருள். அந்த உரிமையை ஒப்பாதவர்கள் அதையே சொல்லும்போது பொய்யுரிமைக்காரர் என்ற தொனி தானாகவே ஏறிக்கொண்டது. ஒரு சொல்லின் இரண்டு பாதிகளும் ஒரே வாயில், ஒரே மூச்சில் ஒலித்த காலம் அது. பிறகு ஆங்கிலத்தில் உரிமை தேய்ந்தது, பாசாங்கு தங்கிவிட்டது.

இத்தகைய இணைகளை மொழி கற்பிப்பவர்கள் 'பொய் நண்பர்கள்' என்கிறார்கள். மாக்சிம் கோஸ்லர், ழூல் தெரொக்கினி என்னும் இருவர் 1928இல் பிரெஞ்சில் எழுதிய நூலின் தலைப்பிலிருந்து அந்தப் பெயர் பரவியது. தலைப்பின் அடுத்த பாதி ஆங்கிலச் சொற்களின் துரோகங்களைப் பற்றிப் பேசுகிறது. போர்த்துகீசியர்களும் 'ஃபால்சுஸ் அமீகுஸ்' என்று அதையே எடுத்துக்கொண்டார்கள். மாணவரை எச்சரிக்க அந்தப் பெயர் உதவும் என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் அது சொற்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே எனக்குப் படுகிறது. தகப்பன் நிலம் பாகம் பிரிந்து ஒருவனுக்கு நஞ்சையும் இன்னொருவனுக்குப் புஞ்சையும் போனால், புஞ்சைக்காரனைப் பொய்யன் என்று யாரும் சொல்வதில்லை. இரண்டு மொழிகளிலும் இருக்கும் பங்குகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் மூலச் சொல் எவ்வளவு அகலமாக இருந்தது என்று தெரிகிறது. துரோகம் என்ற சொல் அந்த வாசலை அடைத்துவிடுகிறது.

பிரேசிலிலும் போர்த்துகலிலும் கதவுகளில் எழுதியிருக்கும் 'புஷெ' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலம் அறிந்தவர் அதை வாய்விட்டுப் படித்தால் தள்ளிவிடுவார். அதன் பொருளோ இழு என்பது. இதை வேடிக்கையாகச் சொல்லிவிட்டு நகர்வதுதான் வழக்கம். நின்று பார்க்க வேண்டிய இடம் இது. போர்த்துகீசியத்தின் 'புஷார்', ஆங்கிலத்தின் 'புஷ்' ஆகிய இரண்டும் இலத்தீனின் 'புல்சாரே' என்ற ஒரே வினையிலிருந்து வந்தவை. அடிப்பது, மோதுவது, உந்துவது என்று அதற்குப் பொருள். மணிக்கட்டில் வைத்தியர் தொட்டுப் பார்க்கும் 'பல்ஸ்' அதற்கு நெருங்கிய உறவு. விசை அப்படியே இருக்கிறது, திசை மட்டும் மாறிவிட்டது. கதவின் இருபக்கமும் இருவர் நின்றால், ஒருவர் தள்ளுவதும் மற்றவர் இழுப்பதும் கதவுக்கு ஒரே அசைவுதான். தள்ளுவதற்குப் போர்த்துகீசியம் 'எம்புர்ரார்' என்று வேறு சொல்லை வைத்துக்கொண்டது. ஆனால் பழைய திசை முழுதாகத் தொலைந்துவிடவில்லை. பிரேசில் பள்ளிகளில் ஆர்க்கிமிடீஸ் விதியைச் சொல்லித்தரும்போது, மூழ்கிய பொருளைத் தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் விசைக்கு 'எம்புஷு' என்று பெயர். இழுக்கும் சொல்லின் வயிற்றிலிருந்து தள்ளும் சொல் அங்கே எட்டிப் பார்க்கிறது.

'அசிஸ்தீர்' இன்னொன்று. இலத்தீனில் அருகில் நிற்பது என்று பொருள். ஆங்கில 'அசிஸ்ட்' அருகில் நின்று கைகொடுக்கிறது. போர்த்துகீசியச் சொல் அருகில் நின்று பார்க்கிறது: திரைப்படத்தையும் கால்பந்தாட்டத்தையும் அங்கே 'அசிஸ்தீர்' செய்கிறார்கள். ஆனால் நோயாளியைக் கவனிக்கும் மருத்துவருக்கும் அதே வினைதான். இடையில் ஒரு சிறு இடைச்சொல் வந்தால் பார்ப்பது, வராவிட்டால் உதவுவது என்று போர்த்துகீசிய இலக்கணம் வேலி போட்டு இரண்டையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. பழைய ஆங்கிலக் கத்தோலிக்கர்களும் பூசையில் கலந்துகொள்வதை 'அசிஸ்ட்' என்றே எழுதினார்கள். கூட இருப்பதே ஒரு உதவி என்று நினைத்த காலத்தின் சொல் அது.

வேறு சிலவற்றைப் போகிற போக்கில் சொல்லிவிடலாம். 'எஸ்கிசீத்து', 'எக்ஸ்க்விசிட்' இரண்டும் தேடிப்பிடித்தது என்ற இலத்தீன் சொல்லின் பிள்ளைகள். அரிதானது ஆங்கிலத்தில் அழகாயிற்று, போர்த்துகீசியத்தில் விசித்திரமாயிற்று, பக்கத்து ஸ்பானியத்தில் நாவுக்கு இனியதாயிற்று. 'பேரன்ட்ஸ்' பெற்றோர், 'பரெந்தெஸ்' உறவினர் எல்லோரும். 'லைப்ரரி' நூலகம், 'லிவ்ரரீயா' புத்தகக் கடை. 1732 முதல் லிஸ்பனில் இருந்துவரும் பெர்த்ராந் புத்தகக் கடையின் பெயரில் அச்சொல்லைப் பார்க்கலாம். நெருக்கி அடைப்பது என்ற இலத்தீன் வினை ஆங்கிலத்தில் மலச்சிக்கலாகவும் போர்த்துகலில் மூக்கடைத்த சளியாகவும் ஆனது. உடம்பின் எந்த அறை அடைபட்டது என்பதில்தான் வேறுபாடு.

பொருள் விலகிய கதை இவ்வளவு எளிதாகக் கண்ணில் படுகிறது. ஒலி விலகியதால் உறவே தெரியாமல் போன சொற்கள் இதைவிட அதிகம், எனக்கு அவைமேல் பிரியமும் அதிகம். உரோமர் ஐபீரியாவில் இறங்கியது கி.மு. 218இல். தீபகற்பத்தின் வடமேற்கு மூலையில், இன்றைய கலீசியாவும் போர்த்துகலின் வடபகுதியும் சேர்ந்த நிலத்தில், மக்கள் வாயில் இலத்தீன் இரண்டு பெரிய மாற்றங்களை அடைந்தது. சொல்லின் தொடக்கத்தில் வந்த 'ப்ள', 'க்ள', 'ஃப்ள' என்ற கூட்டொலிகள் குழைந்து 'ச' ஆகி, பின்னர் 'ஷ' ஆயின. இரண்டு உயிர்களுக்கு நடுவே இருந்த 'ல'வும் 'ன'வும் உதிர்ந்தன. மழைக்கு 'ப்ளுவியா' என்றது இலத்தீன். அது 'ஷுவா' ஆனது. கூவி அழைக்கும் 'க்ளாமாரே' வெறுமனே அழைக்கும் 'ஷமார்' ஆனது. ஆங்கிலத்தில் அதே சொல் உரிமை கோரும் 'க்ளெய்ம்'. அழும் 'ப்ளோராரே' இன்று 'ஷொரார்'. ஆங்கிலத்தில் மன்றாடும் 'இம்ப்ளோர்'. நிலா 'லூனா' நடுவெழுத்தை உதிர்த்து 'லுவா' ஆனது. வலி 'தொலோர்' சுருங்கித் 'தோர்' ஆனது. நிறைந்தது என்ற 'ப்ளேனுஸ்' மீது இரண்டு மாற்றங்களும் ஒருசேர விழுந்து 'ஷேயு' என்று நிற்கிறது. ஆங்கிலத்தின் 'ப்ளென்டி'யைப் பக்கத்தில் நிறுத்தினால் இவை உடன்பிறந்தவை என்று யாரும் நம்பமாட்டார்கள். கி.பி. 1214இல் எழுதப்பட்ட இரண்டாம் அஃபோன்சு மன்னரின் உயில், போர்த்துகீசியத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று. அதற்கு வெகுமுன்பே இந்த உதிர்வுகள் வயல்களிலும் அடுப்படிகளிலும் நடந்து முடிந்துவிட்டன.

அந்த மூலையில் குழைந்த ஒலி ஒன்று நம் இடுப்பிலும் தொங்குகிறது. இலத்தீன் 'க்ளாவிஸ்' போர்த்துகீசியத்தில் 'ஷாவெ' ஆயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் அதை வல்லினச் 'ச'கரத்தோடு உச்சரித்தார்கள். நாம் சாவி என்று வாங்கிக்கொண்டோம். போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்கள் பூட்டிய அறைக்குள் கூடும் 'கான்க்ளேவ்' அதே வேரின் ஆங்கிலக் கிளை. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்த போர்த்துகீசியர், அந்த நாற்பதாண்டுக்குள் ஈழத்துத் தமிழில் விட்டுச்சென்ற வீட்டுச் சொற்கள் வியப்பூட்டுபவை. கதிரை, குசினி, பாண், விசுக்கோத்து. கதிரை 'கதெய்ரா'விலிருந்து வந்தது, அது கிரேக்கத்திலிருந்து இலத்தீன் வாங்கிய 'கதேத்ரா'விலிருந்து. ஆங்கிலத்தில் அதே சொல் தேய்ந்து 'சேர்' ஆனது. தேயாமல் நின்ற வடிவம் ஆயரின் இருக்கை உள்ள பேராலயத்தின் பெயரானது. யாழ்ப்பாணத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்காருபவரும் சென்னையில் சேரை இழுத்துப் போட்டு உட்காருபவரும் ஒரே சொல்லின்மேல்தான் உட்காருகிறார்கள். குசினியும் கிச்சனும் அப்படியே: 'கொக்கீனா' என்ற இலத்தீன் அடுக்களை இரண்டு கப்பல்களில், இரண்டு நூற்றாண்டுகளில், நம்மிடம் வந்து சேர்ந்தது. விசுக்கோத்தும் பிஸ்கட்டும் இருமுறை சுட்டது என்ற ஒரே சொல். பாண் 'பானிஸ்', ஆங்கிலத்தின் 'கம்பானியன்' என்ற தோழனுக்குள்ளும் அதுவே இருக்கிறது, சேர்ந்து ரொட்டி உண்பவன் என்று.

அந்தாவ் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி 1679இல் அம்பழக்காட்டில் அச்சானது. அதன் மறுபதிப்பை 1966இல் கோலாலம்பூரில் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள். ஆனால் சாவியும் கதிரையும் அகராதி வழியாக வந்தவையல்ல. கடையிலும் கோட்டையிலும் கோயிலிலும் வாய்க்கு வாய் மாறியவை. இந்த வேறுபாடு முக்கியமானது. ஆங்கிலத்துக்கும் போர்த்துகீசியத்துக்கும் இடையே உள்ள ஆழமான பிளவும் இதுதான்.

ஆங்கிலத்தின் உடம்பு ஜெர்மானியம். 1066இல் நார்மன்கள் வந்தபிறகு அரண்மனை, நீதிமன்றம் வழியாகப் பிரெஞ்சு உடையில் இலத்தீன் உள்ளே வந்தது. பின்னர் அறிஞர்கள் நூல்களிலிருந்து நேரடியாக அள்ளிக்கொண்டார்கள். எனவே ஆங்கிலத்தில் மழைக்கு ஒரு சொல், மழை சார்ந்த ஆய்வுக்கு ஒரு சொல். கைக்கு 'ஹேண்ட்', கையேட்டுக்கு 'மேன்யுவல்'. நிலாவுக்கு 'மூன்', நாட்காட்டிக்கு 'லூனார்'. ஆங்கிலக் குழந்தை முதலில் ஜெர்மானியச் சொற்களில் அழுது, பள்ளிக்குப் போனபிறகுதான் இலத்தீனைச் சந்திக்கிறது. கிச்சன், ஸ்ட்ரீட், சீஸ் போல மிகப் பழைய காலத்தில் வாய்வழியே வந்த சில சொற்கள் மட்டும் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன. போர்த்துகீசியக் குழந்தைக்கோ இலத்தீன்தான் தாய்ப்பால். அதன் மழையும் நிலாவும் கையும் அம்மாவும் இலத்தீன். ஒரே வேர் ஒரு வீட்டில் அலுவலகக் கடிதமாகவும் மறுவீட்டில் தாலாட்டாகவும் ஒலிக்கிறது. அகராதிகள் பொருளைக் காட்டும். இந்தச் சூட்டையும் குளிரையும் காட்டுவதில்லை.

மொழிபெயர்ப்பில் இது பெரிய துன்பம். மரமேறிய பேரனை இறங்கச் சொல்லும் போர்த்துகீசியப் பாட்டி 'தெஸ்ஸெ' என்பாள். அதன் உடன்பிறப்பு ஆங்கில 'டிஸெண்ட்'. அப்படி எழுதினால் பாட்டி மறைந்து போகிறாள். விமான ஓட்டியின் அறிவிப்புதான் மிஞ்சுகிறது. பொருள் ஒன்றே, பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆள் இல்லை. பொருள் மாறிய சொல்லை மொழிபெயர்ப்பாளர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். பொருள் மாறாமல் உயிர்ச்சூடு மட்டும் இறங்கிப்போன சொல்லே அபாயமானது. மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் பேசும் போர்த்துகீசியர் 'பிகின்' என்பதைவிட 'கமென்ஸ்' என்பதை நாடினால், அதைப் புலமைக் காட்டல் என்று கேட்பவர் நினைத்துவிடுகிறார். பேசுபவருக்கு அது அம்மா சொன்ன 'கொமெஸார்' என்ற சொல்லின் அண்டைவீடு. அவர் தெரிந்த வாசலில்தான் நிற்கிறார்.

வாய்வழிப் பயணத்தில் சில சொற்கள் எவ்வளவு தூரம் போய்விடுகின்றன என்பதற்கு 'மாகுவா' ஒன்று போதும். இலத்தீன் 'மாகுலா' என்றால் கறை, புள்ளி. வலையின் கண்ணுக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் கறையற்ற 'இமாக்குலேட்' அதிலிருந்து வந்தது. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்த போர்க்கவசமான 'மெயில்' வலைக்கண்ணின் வழியாக வந்தது. கண் மருத்துவர்கள் விழித்திரையின் நடுப்புள்ளிக்கு 'மாக்குலா' என்ற மூலப்பெயரையே வைத்துக்கொண்டார்கள். போர்த்துகீசியம் என்ன செய்தது? வலைக்கண்ணுக்கு 'மால்யா' என்று ஒரு சொல்லை ஒதுக்கியது. நூல்வழி வந்த 'மாக்குலா'வைக் கறைக்கு விட்டது. மக்கள் நாவில் உருண்டு தேய்ந்த 'மாகுவா'வை மனத்தாங்கலுக்கு, நெருங்கியவர் செய்த காயம் ஆறாமல் உள்ளே கிடக்கும் துயரத்துக்குக் கொடுத்தது. துணியில் விழுந்த கறை நெஞ்சில் விழுந்த கறையாயிற்று. அதைச் செய்த கவி யாரும் இல்லை. துணி துவைத்தவர்களும் துக்கப்பட்டவர்களும் சேர்ந்து செய்தது.

'நோஜு'வும் அதே இனம். 'இன் ஓதியோ' என்ற இலத்தீன் தொடர், வெறுப்புக்குரியதாய் இருப்பது என்று பொருள்படும். அதிலிருந்து கிளைத்த ஆங்கிலச் சொல் 'அனாய்', சிறு எரிச்சல். பிரெஞ்சுக்காரர்களின் 'ஆன்வீ', சலிப்பு. போர்த்துகீசிய 'நோஜு' இன்று அருவருப்பு. ஆனால் வீட்டில் சாவு விழுந்தால் வேலைக்குப் போகாமல் இருக்கும் நாட்களுக்குப் போர்த்துகலில் இன்றும் 'நோஜு' நாட்கள் என்றுதான் பெயர். உலகமே வெறுத்துப்போகும் நாட்கள். ஈ மொய்க்கும் எரிச்சலும் தாயை இழந்த துக்கமும் ஒரே தொடரிலிருந்து பிறந்திருக்க முடியும் என்பதை முதலில் அறிந்தபோது, வெகுநேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு 'சவுதாதெ'யைத் தொடாமல் போக முடியாது. பிரிவின் ஏக்கம், இல்லாதவரின் இருப்பு என்றெல்லாம் அதை விளக்குகிறார்கள். மொழிபெயர்க்கவே முடியாத சொல் என்று கைவிரிப்பதும் உண்டு. மொழிபெயர்க்க முடியாது என்பது சொல்லுக்குச் செய்யும் மரியாதையாகத் தோன்றும்; உண்மையில் அது சொல்லை அலமாரியில் பூட்டிவைக்கிறது. அதன் வழியைத் தேடுவது மேல். இலத்தீன் 'சொலிதாஸ்' தனிமை. நடுவிலிருந்த 'ல' உதிர்ந்து, பழைய கலீசிய–போர்த்துகீசியப் பாடல்களில் 'சொய்தாதெ', 'சுய்தாதெ' என்று வருகிறது. உடல்நலத்தையும் வாழ்த்தையும் குறிக்கும் 'சஊதெ', 'சவுதார்' ஆகிய சொற்களின் நிழல் விழுந்து பின்னர் 'சவுதாதெ' ஆனது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1433 முதல் 1438 வரை ஆண்ட துவார்த்தெ மன்னர், தம் 'லெயல் கொன்செல்யெய்ரு' என்ற நூலில் மனத்தின் துயரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராயும்போது இந்தச் சொல்லுக்கு வருகிறார். இலத்தீனிலோ தமக்குத் தெரிந்த வேறு மொழியிலோ இதற்கு நிகரான சொல் இல்லை என்கிறார். இலத்தீன் அறிந்த மன்னர், இலத்தீனிலேயே பிறந்த சொல்லைப் பற்றி இப்படிச் சொல்கிறார். அவர் சொன்னது சரிதான். தனிமையில் ஒருவர் மட்டுமே இருக்கிறார். 'சவுதாதெ'யில் இருவர் இருக்கிறார்கள், ஒருவர் தொலைவில்.

ஆங்கிலத்தில் அதே வேர் 'சாலிட்யூட்' என்று கண்ணியமாக நிற்கிறது, 'டெஸலேட்' என்று பாழாய்க் கிடக்கிறது. இன்னொரு பிள்ளையும் உண்டு: 'சல்லன்'. தனித்தவன் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக வந்து, யாரோடும் பேசாமல் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்பவன் என்று ஆகிவிட்டது. தனியாய் இருப்பவனை வெளியிலிருந்து பார்த்தவர்கள் ஆக்கிய சொல் அது. உள்ளேயிருந்து பார்த்தவர்கள் ஆக்கியது 'சவுதாதெ'.

இந்த இரண்டு வீடுகளிலும் குடியிருந்த ஒருவர் ஃபெர்னாண்டோ பெசோவா. 1888இல் லிஸ்பனில் பிறந்தார். மாற்றாந்தந்தையின் தூதரகப் பணி காரணமாக 1896இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போய், ஆங்கிலப் பள்ளியில் படித்தார். 1903இல் ஆங்கிலக் கட்டுரைக்காக விக்டோரியா அரசி நினைவுப் பரிசு பெற்றார். 1905இல் திரும்பியபின் லிஸ்பன் வணிக நிறுவனங்களுக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கடிதம் எழுதிப் பிழைத்தார். அவர் பெயருக்கே மனிதர், ஆள் என்றுதான் பொருள். இலத்தீன் 'பெர்சோனா' நாடக முகமூடி. போர்த்துகீசியத்தில் 'ன' உதிர்ந்து 'பெசோவா' ஆனது. ஆங்கிலத்தில் அது 'பெர்சன்', ஊர்ப் பாதிரியாரைக் குறிக்கும் 'பார்சன்'. அல்பெர்த்து கையெய்ரு, ரிகார்து ரெய்ஸ், ஆல்வரு தெ காம்புஸ் என்று வெவ்வேறு ஆட்களாக இருந்து எழுதியவருக்கு அந்தப் பெயர் பிறப்பிலேயே வாய்த்தது.

அவர் ஆங்கிலத்திலும் கவிதை எழுதினார். 1918இல் வெளியிட்ட 35 சானெட்டுகளை லண்டனின் டைம்ஸ் இலக்கிய இதழ் கவனித்தது. ஷேக்ஸ்பியர்த் தன்மை அளவு கடந்துவிட்டதாகக் குறிப்பிட்டது. நூலிலிருந்தும் வகுப்பறையிலிருந்தும் கற்ற ஆங்கிலத்துக்கு அது நேரக்கூடியதே. தமக்குத் தாய்ப்பாலான வேர்களை அந்த மொழியில் ஏட்டுச் சொற்களாகவே அவர் சந்தித்திருக்க வேண்டும்.

1935 நவம்பர் 29 அன்று லிஸ்பன் மருத்துவமனையில் ஒரு தாளில் பென்சிலால் ஒரு வரி எழுதினார். மறுநாள் இறந்தார். அவர் கடைசியாக எழுதியது அந்த வரிதான், அது ஆங்கிலத்தில் இருக்கிறது. நாளை என்ன கொண்டுவருமோ தெரியாது என்பது அதன் கருத்து. ஏன் ஆங்கிலம் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். நான் பார்ப்பது வேறொன்று. அந்த வரியில் ஏழு சொற்கள். ஏழும் ஜெர்மானிய வேரில் பிறந்தவை. இலத்தீனிலிருந்து வந்தது ஒன்றுகூட இல்லை. ஆங்கிலக் குழந்தை பள்ளிக்குப் போகுமுன்பே அறிந்திருக்கும் சொற்கள் அவை.